மெதுவாக்காவும் பேரோடு வந்த பாட்டும்

அந்த டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டப் பழகியவர்கள் யாரைக் கேட்டாலும் அவரை மெதுவாக்கா என்றுதான் சொல்வார்கள். பெற்றோர் வைத்த பேர் சுவரில் மாட்டியிருக்கும் உரிமத்தில் இருக்கிறது. அதை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. "மெதுவா, மெதுவா" என்பதைத் தவிர வேறு பாடமே இந்த அம்மா நடத்துவதில்லை என்று ஒரு புகார் உண்டு. கியர் மாற்றும்போது மெதுவா, திரும்பும்போது மெதுவா, வண்டி நின்றுகொண்டிருந்தாலும் மெதுவா. பழகுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. அவருடைய வலது கால் அதன் மேல் பூனை மாதிரி படுத்திருக்கும். வேண்டாத நேரத்தில் ஒருநாளும் அழுத்தமாட்டார். வேண்டிய நேரத்தில், பழகுகிறவர் "ஐயோ" என்று வாயைத் திறப்பதற்குள் வண்டி நின்றிருக்கும்.

இந்தக் கால் எங்கே பழகியது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஒருமுறை கல்லூரி மாணவி ஒருத்தி ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்த கையோடு தன் போனில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, "அக்கா, இந்த டிரம்ஸைக் கேளுங்களேன். யாரோ வெறி பிடிச்ச மாதிரி அடிக்கிறாங்க" என்றாள். மெதுவாக்கா கொஞ்ச நேரம் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. நீ கண்ணாடியப் பாரு, பின்னால லாரி வருது" என்றார். அடித்தது தான்தான் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பெண் வண்டியை நேராக லாரிக்கு அடியில் விட்டிருப்பாள்.

அந்தப் பாட்டு இருந்த ஆல்பத்தின் பேர் 'கதவில் ஒட்டியது'. முப்பது வருஷத்துக்கு முன்னால் பெரிய கம்பெனி எதையும் அண்டாமல் நான்கு பேர் தாங்களே காசு போட்டுப் பதிவு செய்து தாங்களே விற்ற ராக் ஆல்பம். எங்கே எதற்காகப் போராட்டக் கூட்டம் கூடினாலும் ஒலிபெருக்கியில் முதலில் போடுவது அதைத்தான். வரிக்கு வரி அதிகாரத்தோடு சண்டை. நான்கு பேரில் பாடியவர் இப்போது கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர். கிடாரும் பாஸ் கிடாரும் வாசித்தவர்கள் அண்ணன் தம்பி. அப்பா விட்டுப்போன டைல்ஸ் கடையைப் பார்த்துக்கொள்கிறார்கள். டிரம்ஸ் அடித்தவர் நம் மெதுவாக்கா.

மற்ற மூன்று பேருக்கும் அந்த ஆல்பம் கோபம். மெதுவாக்காவுக்கு அது வீடு. ரயில் சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் இருந்ததால் பின்தெரு என்று பேர் பெற்ற தெருவில் நாலாவது வீடு அவருடையது. சாலையை அகலப்படுத்த வேண்டும் என்று ஒருநாள் எல்லாக் கதவிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். அடியில் ஒரு கையெழுத்து, அதற்குக் கீழே இனிஷியலோடு ஒரு பேர். கெடு முடிந்த அன்று நல்ல மழை. தெரு முழுக்கச் சேறு. கையெழுத்துப் போட்ட அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். மூன்றாவது வீட்டுத் தையல்கார அக்கா, "மெஷினை மட்டும் எடுத்துக்கறேன் சார்" என்று கும்பிட்டபடி ஓடிவந்தார். அதிகாரி அவரைப் பார்த்தார். பிறகு புல்டோசர் ஓட்டுகிறவனைப் பார்த்துக் கையை அசைத்தார். தையல் மெஷின் மேல் சுவர் விழுந்த சத்தம் மெதுவாக்காவின் காதுக்குள் போய் உட்கார்ந்தது. ஆல்பத்தின் கடைசிப் பாட்டில், பல்லவிக்கு முன்னால் டிரம்ஸ் மடமடவென்று சரிகிற இடம் அதுதான். கேட்பவர்கள் கைதட்டுவார்கள். அவர் மட்டும் அந்த இடத்தில் பல்லைக் கடித்துக்கொள்வார்.

பாடகர் அன்று அந்தத் தெருவில் இல்லை, பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார். மறுவாரம் பாட்டோடு வந்தார்.

"ஜீப்புக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு
சீறிச் சீறிச் சொன்னாரு - இடி!"

என்று வரும். அதற்குப் பிறகு அதிகாரியின் பேரை இனிஷியலோடு மூன்று முறை எல்லோரும் கத்த வேண்டும்.

"அவர் ஒளியலையே. இறங்கித்தானே நின்னாரு?" என்று மெதுவாக்கா கேட்டார்.

"அதிகாரின்னா ஒளியத்தான் செய்வான். அதோட, ஒளிஞ்சுக்கிட்டான்னு பாடினாத்தான் மெட்டுல உக்காருது" என்றார் பாடகர்.

இங்கே அந்தக் குழுவின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எந்த முடிவென்றாலும் நால்வரும் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். சம்மதம் என்றால் மேசையில் ஒரு தட்டு. சம்மதமில்லை என்றால் கை மடியிலேயே இருக்கும். ஒரு கை மடியில் இருந்தாலும் அந்த விஷயம் நடக்காது, ஏன் என்று கேட்கவும் கூடாது. வாய்ச்சண்டையில் அண்ணனும் தம்பியும் ஒருமுறை கிடாரையே உடைத்துக்கொண்ட பிறகு வந்த சட்டம் இது. அன்று மெதுவாக்கா அம்மாவோடு சித்தி வீட்டு ஹாலில் பாயைப் போட்டுக்கொண்டு கிடந்தவர். ஒரு வரிக்காகச் சண்டை போட உடம்பில் தெம்பில்லை. தட்டிவிட்டார்.

டெமோ எனப்படும் முதல் பதிவில் பேர் இருந்தது. ஆல்பத்தில் இல்லை. ஸ்டூடியோக்காரர், "பேரை எடுங்க, இல்லன்னா டேப்பை எடுத்துக்கிட்டு நீங்க கிளம்புங்க" என்று சொல்லிவிட்டார். பேர் இருந்த இடத்தில் "ஐயா" வந்தது. பின்தெருக்காரர்களுக்கு அது பெரிய குறை. தையல்கார அக்கா எங்கே பார்த்தாலும் மெதுவாக்காவைப் பிடித்து நிறுத்தி, "ஏம்மா, பேரோட எப்பப் பாடுவீங்க?" என்று கேட்பார். கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறார், ஆஸ்பத்திரி வரிசையில் கேட்டிருக்கிறார், மெதுவாக்காவின் கணவர் தவறிப்போனபோது துக்கம் விசாரிக்க வந்த இடத்திலும் போகும்போது வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் போனார். "பாடுவோம்க்கா" என்பதுதான் எப்போதும் பதில்.

அப்புறம் மெதுவாக்காவின் மகன் ஒரு பெண்ணைக் காதலித்தான். அது ஒன்றும் அதிசயமில்லை. சாப்பிட்டுக்கொண்டே பெண்ணைப் பற்றிச் சொன்னான், பள்ளிக்கூட ஆசிரியை என்றான், அம்மா இல்லை, அப்பா மட்டும்தான் என்றான், அப்பா பேரையும் சொன்னான். மெதுவாக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"இனிஷியல் என்ன?" என்றார்.

"என்னம்மா போலீஸ் மாதிரி கேக்கறீங்க?" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அதேதான்.

அன்றைக்கு அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மகன் கேட்டிருப்பான். காரணம் கேட்டிருப்பான், சொல்லியிருந்தால் புரிந்தும் கொண்டிருப்பான். நம்மில் பலர் சொல்லியிருப்போம். மெதுவாக்கா பெண்ணை ஒருமுறை வரச் சொன்னார். வந்தவள் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, "அத்தை, உங்க வண்டியில ரெண்டு பிரேக் இருக்காமே, காட்டுங்க" என்றாள். நோட்டீஸ் ஒட்டியபோது இந்தப் பெண் பால்பல் விழாத குழந்தை. இவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? மெதுவாக்கா மனசார சம்மதித்தார். பழைய கதையை யாரிடமும் மூச்சு விடவில்லை.

சம்பந்தியை வெறுப்பதற்கு மட்டும் முழு ஏற்பாட்டோடு இருந்தார். அந்த மனிதர் ஒத்துழைக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அதிகாரத்தின் சுவடே இல்லாமல் பஸ்ஸில் வந்து இறங்குவார், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவார், பேத்தி பிறந்த பிறகு அவளுக்குக் குதிரையாகி ஹால் முழுக்கத் தவழ்ந்தார். மெதுவாக்காவுக்கு எரிச்சலாக வரும். கெட்டவன் கெட்டவனாகவே இருந்துதொலைத்தால் எவ்வளவு வசதி! அவரிடம் மரியாதைக்குக் குறைவில்லாமல், ஆனால் ஒரு அடி தள்ளியே பேசினார்.

போதாக்குறைக்கு அவர் கார் ஓட்டப் பழக வேண்டும் என்று வந்து நின்றார். வேலையில் இருந்தவரை டிரைவர் ஓட்டினான். இப்போது பேத்தியை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். "வேற ஸ்கூலுக்குப் போனா நல்லா இருக்காதே சம்பந்தி" என்றார். ஆக, வாரத்தில் சில காலை நேரங்களில், பின்தெருவை இடித்தவர் ஸ்டீயரிங்கைப் பிடிக்க, பின்தெருக்காரி பக்கத்தில் உட்கார்ந்து "மெதுவா" சொல்லிக்கொண்டிருந்தார். டெஸ்டில் அவர் தோற்றார். மறுபடியும் தோற்றார். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் மனிதருக்கு வேர்த்துவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனிப் பெண் வந்தாள். சின்ன ரெக்கார்டிங் கம்பெனி, இரண்டே அறை. பழைய ஆல்பங்களைத் தேடிப்பிடித்து மறுபடி வெளியிடுகிறவள். ஊரில் இப்போது வேறொரு தெருவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், அங்கே பசங்க இந்தப் பாட்டைத்தான் பாடுகிறார்கள் என்றாள். பாட்டுகளைச் சுத்தம் செய்து, வெளிவராத பதிவுகளையும் சேர்த்து, பெரிய பதிப்பாகப் போட வேண்டும். முக்கியமாக அந்த டெமோ.

"பேர் இருக்கற டெமோ" என்றாள். "அது வந்தா இந்த ஆல்பம் முழுசாயிடும்."

டைல்ஸ் கடையின் பின்னறையில் நால்வரும் உட்கார்ந்தார்கள். தலை நரைத்திருந்தது, தொப்பை வந்திருந்தது, மேசை மட்டும் புதுசு. பழைய பாட்டுகளைப் போடலாமா என்றதும் நான்கு தட்டு. பின்தெருக்காரர்கள் கூடிய கூட்டத்தில் எடுத்த பதிவைச் சேர்க்கலாமா, நான்கு தட்டு. டெமோ என்றதும் பாடகர் ஓங்கித் தட்டினார். அண்ணன் தட்டினார், தம்பி தட்டினார். மெதுவாக்காவின் கை மடியில் இருந்தது.

ஸ்பூன் கிடைத்தால் டம்ளரில் தாளம் போடுகிற கை அது. சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. பாடகரின் முகத்தில் ஈயாடவில்லை.

"உன் வீட்டை இடிச்சவன் பேரு அது" என்றார்.

"ஏன்னு கேக்கக் கூடாது" என்றார் அண்ணன்.

"கேக்கல. சொல்றேன். நாம கிழவங்களாயிட்டோம், பயம் வந்துருச்சுன்னு சொல்றேன்."

"இன்னொரு தடவை உக்காரலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மெதுவாக்கா எழுந்து வந்தார்.

வண்டிக்குள் வந்து உட்கார்ந்தவருக்கு அழுகை வந்தது, அழுதார். அந்தப் பேர் வெளியே வந்தால் முதலில் அடிபடுவது மருமகள். கல்யாணமான பிறகும் அப்பா பேரையே தன் பேருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறவள், தினமும் காலையில் அந்தப் பேரோடு போய் வகுப்பில் நிற்கிறவள். வீடு இரண்டுபடும், பேத்தி எந்தப் பக்கம் என்று தெரியாமல் முழிக்கும். வெளியே வராவிட்டால், தையல்கார அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது? இரண்டு பக்கமும் யோசித்துவிட்டு, கடைசியில் அவர் செய்தது அவருக்கே உரிய காரியம். விஷயத்தை, அதற்கு உரியவர் மடியிலேயே கொண்டுபோய் வைத்தார்.

மறுநாள் காலை சம்பந்தி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். போக்குவரத்து இல்லாத நேர்ச்சாலை. மெதுவாக்கா வலது காலை பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டார்.

"சம்பந்தி, ஒரு பாட்டுப் போடறேன். கேட்டுக்கிட்டே ஓட்டுங்க."

டெமோ ஓடியது. கரகரவென்ற பழைய பதிவு. ஜீப் வந்தது, இடி வந்தது, இனிஷியலோடு பேர் வந்தது. மூன்று முறை. மெதுவாக்கா அவர் முகத்தைப் பார்க்காமல் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி தடுமாறும், அழுத்த வேண்டியிருக்கும் என்று காத்திருந்தார். தடுமாறவில்லை. சம்பந்தி கண்ணாடியைப் பார்த்தார், கையைக் காட்டினார், ஓரமாக ஒதுக்கி, அலுங்காமல் நிறுத்தினார். அவ்வளவு ஒழுங்காக அவர் அதுவரை நிறுத்தியதே இல்லை.

"இந்தப் பாட்டு எனக்குத் தெரியும்" என்றார். "ஆபீஸ்ல நான் நடந்து போனா பின்னால யாராவது முணுமுணுப்பாங்க. ஐயான்னு வரும். என்னைத்தான்னு தெரியும். பேரோட இன்னைக்குத்தான் கேக்கறேன். உங்ககிட்ட எப்படி இது?"

"டிரம்ஸ் அடிச்சது நான். நாலாவது வீடு."

சம்பந்தி ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "வீடெல்லாம் எனக்கு ஞாபகமில்ல சம்பந்தி. பொய் சொல்லக் கூடாது. எந்த வீடும் ஞாபகமில்ல. தையல் மெஷின் ஒண்ணு ஞாபகம் இருக்கு."

மெதுவாக்கா பாட்டை நிறுத்தினார்.

"பாட்டுல தப்பு இருக்கு" என்றார் சம்பந்தி. "ஜீப்புக்குள்ள ஒளிஞ்சேன்னு வருது. நான் ஒளியல. என்கூட வந்தவர் உள்ள உக்காந்திருந்தாரு, நான் இறங்கி நின்னேன். அந்தம்மா கும்பிட்டுக்கிட்டு வந்தாங்க. எனக்கு நல்லாத் தெரிஞ்சுது, அஞ்சு நிமிஷம் குடுத்தா எடுத்துக்குவாங்கன்னு. குடுத்திருக்கலாம். எனக்கு மேல யாரும் அன்னைக்கு அங்க இல்ல. மழையா இருந்துது, சீக்கிரம் முடிச்சுட்டுப் போகணும்னு இருந்துது. கையைக் காட்டினேன். ஒளிஞ்சேன்னு பாடினா, ஏதோ பயந்தாங்கொள்ளி, மேலேருந்து சொன்னதைச் செஞ்சான்னு ஆயிடும். அப்படி இல்ல அது."

குற்றத்தைக் குறைத்துச் சொல்கிறவர்களை மெதுவாக்கா நிறையப் பார்த்திருக்கிறார். கூட்டிச் சொல்லி, அதைத் திருத்தவும் சொல்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறார். அவருக்குக் கோபமும் வந்தது, அந்த மனிதர் மேல் முதல் முறையாக மதிப்பும் வந்தது. இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

"பேரோட போடணும்னு கேக்கறாங்க. எல்லாரும் சரின்னா போடுவோம். நான் இன்னும் சரின்னு சொல்லல. ஆனா வேண்டாம்னு சொல்லப் போறதில்ல சம்பந்தி. அதை உங்க முகத்துக்கு நேரா சொல்லணும்னுதான் கூட்டிட்டு வந்தேன்."

"போடுங்க. சரியாப் போடுங்க."

"உங்க பொண்ணுகிட்ட நீங்களேதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

அதற்குத்தான் அவர் முகம் வாடியது. இருந்தாலும் சரி என்று தலையை ஆட்டினார்.

மறுபடி டைல்ஸ் கடை. டெமோவைப் போடுங்கள், அதற்குப் பக்கத்திலேயே அதே பாட்டைப் புதிதாகவும் பதிவு செய்யுங்கள், வரியைத் திருத்தி, பேரோடு. தன் நிபந்தனை இதுதான் என்றார் மெதுவாக்கா. பாடகர் குதித்தார்.

"பழசைத் திருத்தறது பொய்! அன்னைக்கு என்ன பாடினோமோ அதான் சரித்திரம்."

"அன்னைக்குப் பாடினதுலதான் பொய் இருக்கு. நீங்க பரீட்சையில இருந்தீங்க. நான் சேத்துல இருந்தேன்" என்றார் மெதுவாக்கா. குரலை உயர்த்தவில்லை. "அவர் ஒளிஞ்சிருந்தா எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது. நின்னு, பார்த்து, செஞ்சாரு. அதைப் பாடுங்க."

பாடகர் நல்ல மனிதர், கெட்டிக்காரரும்கூட. பேனாவை எடுத்தார், பழைய வரியை அடித்தார், எழுதினார்.

"ஜீப்ப விட்டு இறங்கி நின்னு
சேத்துல நின்னு சொன்னாரு - இடி!"

"மெட்டுல உக்காருதே!" என்றார் தம்பி. இத்தனை வருஷமும் உட்காரத்தான் செய்திருக்கும், யாரும் உட்கார வைத்துப் பார்க்கவில்லை. நான்கு பேரும் தட்டினார்கள்.

அந்த வாரம் மருமகள் தனியாக வந்தாள். செருப்பை வாசலில் எப்படியோ விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றாள். அழுது முடித்த முகம்.

"அத்தை, கல்யாணத்துக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா என்னை ஏத்துக்கிட்டீங்க?"

"நோட்டீஸ்ல உன் பேரா இருந்துது?" என்றார் மெதுவாக்கா. "உன்னை எனக்குப் பிடிச்சுது. அதுல ஒரு கலப்படமும் இல்ல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அவர் பூசி மெழுகவில்லை. "சொல்லியிருக்கலாம்" என்றார். மருமகள் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு யாரும் சாப்பிட வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மகன் மட்டும் போன் செய்து, இரண்டு பக்கமும் பேசத் தெரியாமல், வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தான். மெதுவாக்கா தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார், சோறு இறங்கவில்லை. ஆனால் கம்பெனிப் பெண்ணுக்குப் போன் செய்து நிறுத்தச் சொல்ல அவருக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. இதை நினைக்கும்போதுதான் அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பதிவு நடந்த அன்று கம்பெனியின் இரண்டு அறைகளும் நிரம்பிவிட்டன. கூட்டாகக் கத்துவதற்குப் பின்தெருக்காரர்கள் வந்திருந்தார்கள், எங்கெங்கோ சிதறிப்போனவர்கள், ஒருவரையொருவர் வீட்டு வரிசையை வைத்து அடையாளம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். தையல்கார அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். டிரம்ஸுக்குப் பின்னால் மெதுவாக்காவைப் பார்த்த, காரில் பாட்டுப் போட்ட அந்தக் கல்லூரி மாணவி, கம்பெனிப் பெண்ணின் தோழியாம், திறந்த வாயை மூடவில்லை.

அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடியைப் பார்த்து, கையைக் காட்டி, அலுங்காமல் நின்றது. ஓட்டி வந்தவர் சம்பந்தி. டெஸ்டில் தேறிவிட்டார் என்பதே மெதுவாக்காவுக்கு அப்போதுதான் தெரியும். பக்கத்தில் மருமகள். அவள் அத்தையைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ஆனால் நேராக வந்து டிரம்ஸ் பக்கத்தில் சுவரோரமாக நின்றுகொண்டாள். சம்பந்தி உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"யாரும்மா அது?" என்றார் தையல்கார அக்கா.

"எங்க சம்பந்தி" என்றார் மெதுவாக்கா. கையிலிருந்த குச்சிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "பாட்டுல வர்றவர்."

தையல்கார அக்கா திரும்பி அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு மெதுவாக்காவையும் அப்படியே பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் தன் வாழ்க்கையிலேயே கஷ்டமான காரியம் என்று மெதுவாக்கா பின்னால் சொல்வார்.

"அன்னைக்குத் தெருவுல நின்னீங்க" என்றார் தையல்கார அக்கா, சம்பந்தியிடம். "இன்னைக்கு உள்ள வந்து நின்னு கேளுங்க."

அவர் உள்ளே வந்து கதவோரம் நின்றார். மெதுவாக்கா குச்சியோடு குச்சியைத் தட்டி ஆரம்பித்தார். மெதுவா என்ற சொல்லே அந்த அம்மாளுக்குத் தெரியாதோ என்று தோன்றும்படி அடித்தார். சுவர் சரிகிற இடம் வந்தது. இந்த முறை பல்லைக் கடிக்கவில்லை, வாய்விட்டு அழுதுகொண்டே அடித்தார். பாடகர் திருத்திய வரியைப் பாடினார். பேர் வந்தது. பின்தெரு முழுக்கச் சேர்ந்து, முப்பது வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்த பேரைக் கத்தியது. ஒருமுறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை.

மூன்றாவதுக்குப் பிறகு டிரம்ஸ் நிற்கும். ஒரு மூச்சு நேரம் சத்தமே இருக்காது, அப்புறம்தான் கிடார் வரும். அந்த மௌனத்தில் கதவோரமிருந்து சம்பந்தியின் குரல், பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் சொல்வது போல, "நான்தான்" என்றது.

கிடார் வந்தது, பாட்டு முடிந்தது. மருமகள் அப்பாவிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கம்பெனிப் பெண் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, தயங்கித் தயங்கி, "நடுவுல ஒரு குரல் பதிவாயிருக்கு. அதை எடுத்துடலாம், இல்லன்னா இன்னொரு தடவை வாசிக்கலாம். இருக்கட்டுமா?" என்று நால்வரையும் பார்த்துக் கேட்டாள்.

நால்வரும் மேசைப் பக்கம் வந்தார்கள். பாடகர் மெதுவாக்காவைப் பார்த்தார், அண்ணனும் தம்பியும் பார்த்தார்கள். மெதுவாக்கா கையை உயர்த்துவதற்குள் மேசையில் ஒரு தட்டு விழுந்தது. தட்டியது தையல்கார அக்கா. அவர் குழுவில் இல்லை என்று யாரும் சொல்லவில்லை.